ஓர் எழுத்தின் விலை

மருமகன் வாகனம் வாங்கப்போகிறார். அவர், மகள், இரண்டு பேரப்பிள்ளைகள், அவ்வப்போது நான். ஐவர் வசதியாக அமரவேண்டும். மேடு பள்ளத்தில் அடி தட்டக்கூடாது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் மிச்சமிருப்பதால், கடந்த ஞாயிறு என்னையும் விற்பனை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அங்கே முன்வரிசையில் நின்றது டொயோட்டா ரைஸ். மூன்று சிலிண்டர், டர்போ, 996 சி.சி. ஏன் இந்தக் கணக்கு? எங்கள் நாட்டில் தீர்வை சி.சி.யை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதன் முதற்படி 1000இல் முடிகிறது. ஜப்பானின் வருடாந்த வாகன வரியிலும் அப்படித்தான். ஆக, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் தேவை என்பதைப் பொறியியலாளரோடு வரி அதிகாரியும் சேர்ந்தே தீர்மானிக்கிறார். 98 குதிரைவலு நகருக்குத் தாராளம். ஐவரோடும் பொதிகளோடும் கடுகண்ணாவை ஏறுவதற்குப் போதுமா என்பதை ஏறிப் பார்த்தே அறியவேண்டும்.

விற்பனையாளர் உயர்தரமான ‘இசட்’ வாகனத்தைக் காட்டினார். பெரிய சில்லுகள், பளிச்சிடும் விளக்குகள், அகன்ற திரை. மருமகன் நிறத்தைக் கேட்டார். நான் தானியங்கிப் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன்.

“எல்லாம் இருக்கு ஐயா” என்றார், தாளைப் பார்க்காமலே.

எல்லாவற்றிலும் எப்போதும் இருந்ததில்லை. 2019இல் இவ்வாகனம் ஜப்பானில் வெளிவந்தபோது, அடிப்படைத் தரமான ‘எக்ஸ்’இல் மோதலைத் தவிர்க்கும் பிரேக் இல்லை. ‘எக்ஸ் எஸ்’ வாங்கினால் உண்டு. ஓர் உயிரைக் காக்கக்கூடிய கருவி ஓர் எழுத்தில் தங்கியிருந்தது! தரத்தின் பெயரை மட்டும் நம்புவதும் தவறு. இதன் ஹைபிரிட் வகைக்கான பக்கவாட்டு மோதல் சோதனையில், ஒரு பக்கத்தின் தரவையே மறுபக்கத்துக்கும் சமர்ப்பித்ததைத் தயாரிப்பாளரான டைஹட்சு 2023 மேயில் ஒப்புக்கொண்டது. விற்பனை நிறுத்தப்பட்டு, பின்னரே மீண்டும் தொடங்கியது.

தோல் இருக்கையைத் தரம் பிரித்து விற்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. பணமுள்ளவர் சொகுசாக அமர்வார். ஆனால் மோதலின்போது குழந்தையைக் காப்பது சொகுசு அல்ல. துறைமுகத்தில் சி.சி.யை ஒன்றுவிடாமல் எண்ணும் அரசு, எயார்பேக்கையும் பிரேக்கையும் எண்ணி, கூடுதல் பாதுகாப்புள்ள வாகனத்துக்குத் தீர்வையில் சலுகை அளித்தால் என்ன?

இதைச் சொல்ல எனக்குத் தயக்கமும் உண்டு. இரவுப் பணிக் காலத்தில் எத்தனையோ வீதி விபத்துச் செய்திகளை எழுதியிருக்கிறேன். வேகம், மழை, சாரதியின் நித்திரை என்று காரணங்களை அடுக்கினேன். அந்த வாகனத்தில் எயார்பேக் இருந்ததா, பின்னாசனப் பிள்ளை பட்டி அணிந்திருந்ததா என்று பொலிஸாரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அது எங்கள் தொழிலின் குறை; என் குறையும்தான்.

மருமகன் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஜப்பானிய ஏலத்தாளைக் கேட்டிருக்கிறார். “தம்பி, முதலில் அதில் தரத்தின் எழுத்தைப் பாருங்கோ. அதில் என்னென்ன இருக்கு எண்டு எழுத்தில் வாங்குங்கோ. நிறத்தைப் பிறகு பேசலாம்” என்றேன்.

“சரி மாமா” என்றார். பேத்திக்கு மட்டும் சிவப்புத்தான் வேண்டுமாம்.