நிலம் யாருடையது?

மாலையானதும் எமது வீடுகளில் இந்தியத் தொடர் நாடகங்கள் ஆரம்பமாகிவிடுகின்றன. அவற்றில் வரும் பெண்கள் சொத்துக்காக அழுகிறார்கள். சொத்துக்காகச் சதி செய்கிறார்கள். பட்டுச்சேலையுடன் சமையலறையில் நின்று ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சொத்து எங்கே இருக்கிறது, அதில் என்ன விளைகிறது, அதற்காக யார் வெயிலில் நிற்கிறார்கள் என்பதை ஐந்நூறு அங்கங்கள் கடந்தாலும் நாம் காண்பதில்லை.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நான் பார்க்கத் தொடங்கிய ஓர் அவுஸ்திரேலியத் தொடர் இதற்கு நேர்மாறானது. 'மெக்லியோட்ஸ் டோட்டர்ஸ்', அதாவது 'மெக்லியோடின் மகள்மார்' என்பது அதன் பெயர். பொசி கிரேம்-எவன்ஸ், கரோலின் ஸ்டாண்டன் என்ற இரண்டு பெண்கள் உருவாக்கிய இத்தொடர் 2001 முதல் 2009 வரை 224 அங்கங்களாக அந்நாட்டின் நைன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

கதை தென் அவுஸ்திரேலியாவில் நடக்கிறது. ஜெக் மெக்லியோட் என்பவர் இறந்தபின், 'ட்ரோவர்ஸ் ரன்' என்ற அவருடைய பெரிய கால்நடைப் பண்ணை இரண்டு மகள்மாருக்குச் சேர்கிறது. இருவருக்கும் தகப்பன் ஒருவர், தாய்மார் வேறு. மூத்தவள் கிளயார் பண்ணையிலேயே வளர்ந்தவள். இளையவள் டெஸ் சிறு வயதிலேயே தாயுடன் நகரத்துக்குப் போனவள். மாட்டுக்கும் மண்ணுக்கும் அவள் புதியவள். இந்த இரண்டு சகோதரிகளும் பெண்களையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டு அப்பண்ணையை நடத்துகிறார்கள். மாடு சாய்ப்பதும், செம்மறியாட்டின் உரோமம் கத்தரிப்பதும், அறுந்த கம்பிவேலியைக் கட்டுவதும், கடன் கணக்குப் பார்ப்பதும் அவர்களே. மூன்றாவது பருவத்தில் கிளயார் விபத்தில் இறந்துபோகிறாள். ஒன்றும் தெரியாமல் வந்த டெஸ், அதன் பிறகு பண்ணையைத் தாங்கி நிற்கிறாள். அந்த இடத்தில் அவளைக் காப்பாற்றுவது உறுதியில் உள்ள பெயரல்ல. அதுவரை அவள் கற்றுக்கொண்ட வேலை.

இது வெறும் கற்பனை என்று சிலர் சொல்லலாம். அவுஸ்திரேலியாவின் வடபுலத்தில் புல்லோ ரிவர் என்ற தொலைதூரப் பண்ணையில் வாழ்ந்த சாரா ஹெண்டர்சனின் கதை உண்மையானது. 1986இல் கணவர் இறந்தபோது அவருக்கு எஞ்சியது பெருங்கடன். தன் மகள்மாருடன் அவர் பண்ணையை மீட்டெடுத்தார். பின்னர் அந்த அனுபவங்களை நூலாகவும் எழுதினார்.

இத்தொடரிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான்: பத்திரத்தில் பெயர் இருப்பதனால் மட்டும் நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அதை அறிந்து, அதில் பாடுபட்டு, அதைப் பற்றி முடிவெடுப்பவருக்கே அது உண்மையில் சொந்தமாகிறது.

ஆனால் இதே அளவுகோலை அத்தொடரின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். பாடுபட்டவருக்கே நிலம் என்றால், அந்த நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த ஆதிக்குடிகள் எங்கே? தொடரின் முக்கிய பாத்திரங்களில் அவர்களில் ஒருவரும் இல்லை. அவுஸ்திரேலியாவின் வடபகுதிக் கால்நடைப் பண்ணைகளை நடத்தியதே பெருமளவில் ஆதிக்குடி ஆண்களின், பெண்களின் உழைப்புத்தான். அதற்குக் கிடைத்ததோ உணவுப் பங்கீடும் மிக அற்பமான கூலியும். 1966இல் வேவ் ஹில் பண்ணையில் வின்சன்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்சி மக்கள் ஆணும் பெண்ணுமாக வேலையை விட்டு வெளியேறினார்கள். கூலியோடு தம் நிலத்தையும் திருப்பிக் கேட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1975இல், பிரதமர் கஃப் விட்லம் ஒரு பிடி மண்ணை எடுத்து லிங்கியாரியின் கையில் கொட்டி அந்த நிலத்தின் ஒரு பகுதியைக் கையளித்தார். மெக்லியோடின் மகள்மார் தந்தையிடமிருந்து பெற்ற நிலத்தைத் தந்தையின் முன்னோர் யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற கேள்வியை எழுப்பியிருந்தால், நல்ல இத்தொடர் இன்னும் நேர்மையான தொடராக இருந்திருக்கும்.

இனி எம்மிடம் வருவோம். பெற்றோர் விட்டுச் செல்வதில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சூரா அந்நிஸா பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே விதித்துவிட்டது. எமது கிழக்கிலோ வீடும் வளவும் மகளின் பெயரில் எழுதப்படுவது வழமை. வயற்காணியும் பல இடங்களில் அப்படியே. காகிதத்தைப் பார்த்தால் எமது பெண்கள் ஏழைகள் அல்லர். ஆனால் தன் வயலின் எல்லை எது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, கடந்த போகத்தில் எத்தனை மூட்டை நெல் கிடைத்தது என்று கேட்டால், உறுதியில் பெயருள்ள எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

எனது மாமி ஒருவருக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. மாமா மௌத்தாகும் வரை அவர் அந்த வரம்பில் கால் வைத்ததில்லை. குத்தகைக்காரர் சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டு போகம் இப்படிப் போன பிறகு, அறுவடை நாளில் மகனையும் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போய் நின்றார். அந்தப் போகம் கிடைத்த நெல்லும் கூடியது. மாமியின் குரலும் கூடியது.

"பொம்புளப் புள்ளைக்கு வயல்ல என்ன வேல?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் குதிரை ஏறி மாடு சாய்க்கப் போவதாகச் சொல்லவில்லை. அத்தொடரில் வரும் காதல் காட்சிகள் எல்லாம் எமது பண்பாட்டுக்கு ஒத்துவருபவையும் அல்ல. அவற்றைத் தாண்டிப் போக ரிமோட் கையில் இருக்கிறது. எமக்குரியதை அறிந்துகொள்ள இடம் தாருங்கள் என்பதே எமது வேண்டுகோள். ஹலாலான தன் சொத்தின் கணக்கைக் கேட்பது அடக்கமின்மை ஆகாது.

அன்பான பெற்றோரே, மகளின் பெயரில் உறுதி எழுதியதும் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை அவளிடம் வாசிக்கக் கொடுங்கள். உழவு, விதைப்பு, உரம் ஆகியவற்றுக்கு என்ன செலவாகிறது என்று தம்பிக்குச் சொல்லும்போது அவளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, வணிகப் பிரிவில் கற்கும் நாங்கள் யாரோ ஒரு கம்பனியின் ஐந்தொகையை ஒரு சதம் பிசகாமல் சமப்படுத்துகிறோம். எமது வீட்டு வயலின் வரவு செலவு மட்டும் எமக்குத் தெரியாது. இந்தப் போகத்திலிருந்து அதையும் கேட்போம். ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்.