கிருபைக்குக் கணக்குப் புத்தகம் உண்டா?

நம் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு ஆராதனையின் நடுவே அறிவிப்புகள் வாசிக்கும் நேரம் ஒன்று உண்டு. மகனுக்கு வேலை கிடைத்ததற்காக நன்றிக் காணிக்கை இவ்வளவு, புது வீடு வாங்கியதற்காக இவ்வளவு, மகளுக்கு விசா கிடைத்ததற்காக இவ்வளவு என்று பெயரும் தொகையுமாக வாசிப்பார்கள். கேட்கும் நாமும் மகிழ்கிறோம். நன்றி சொல்வது நல்ல பழக்கம். அதைக் குறை சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. அந்தப் பட்டியலில் வராதவர்களும் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் என் கவலை. கம்பெனி மூடி ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் தகப்பன், மூன்றாவது வரனும் தட்டிப்போன பெண், பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய பையன் ஆகியோர் எதற்காகக் காணிக்கை போடுவது? போடாவிட்டால் இவர்கள்மேல் கிருபை இல்லை என்று பொருளா?

இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனத்துக்குள் கேட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் நோயாளி இருந்தால் இன்னும் மோசம். பார்க்க வருகிறவர்களில் ஒருவர், "விசுவாசம் போதவில்லை" என்று ஒரு வார்த்தையைச் சொல்லி, காப்பியும் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிடும்.

ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கிருபை என்பது எளிதில் பிடிபடாத விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரிலும் கல்யாணிலும் இறங்கியவர்கள் நாம். பாஷை தெரியாமல், ஒற்றை அறையில் ஆறு பேராகப் படுத்து, ஓவர்டைம் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் உழைத்தால்தான் கிடைக்கும் என்ற அதே சட்டத்தைக் கடவுளிடமும் கொண்டுபோகிறோம். இத்தனை நாள் உபவாசம், இத்தனை ரூபாய் பொருத்தனை; பதிலுக்கு இன்ன கல்லூரியில் சீட்டு, இன்ன பதவி. இதற்குப் பெயர் ஜெபமா, கான்டிராக்டா?

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சத் தோட்டக் கதை நமக்குத் தெரியும். விடியற்காலையில் வந்தவனுக்கும், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி. ரயில்வேயில் மஸ்டர் ரோல் பார்த்துக் கையெழுத்துப் போட்ட எனக்கு இந்தக் கதை நெடுநாள் உறுத்தியது. எந்த யூனியனும் இதை ஒப்புக்கொள்ளாது. கேங்மேன்கள் வேலையைக் கீழே போட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கதையில், கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. யாரும் கூப்பிடாததால் கடைத்தெருவில் நின்றவர்கள். அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு உலை கொதிக்கவேண்டும் அல்லவா? எஜமான் பார்த்தது மணிக்கணக்கை அல்ல, அந்த அடுப்பை.

புனே பக்கம் பிரயாணம் செய்தவர்கள் கர்ஜத் ஸ்டேஷனில் வண்டி சற்று நிற்பதைக் கவனித்திருப்பார்கள். அங்கிருந்து லோனாவாலா வரை போர் காட் மலைப்பாதை. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பல வண்டிகளுக்குப் பின்னால் பேங்கர் இன்ஜின்களைச் சேர்த்துத் தள்ளச் செய்வார்கள். உள்ளே இருக்கும் பயணிகளில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. வடாபாவ் வாங்குவதில் மும்முரமாக இருப்பார்கள். நம் வாழ்க்கையின் ஏற்றங்களும் இப்படித்தான் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. பிறகு யோசித்தால் உவமை நொண்டுகிறது. பேங்கர் தள்ளினாலும் முன் இன்ஜினும் இழுக்கிறதே! கிருபையைப் பற்றிப் பவுல் சொல்வது, முன் இன்ஜின் பழுதாகி நின்ற வண்டியின் கதை.

இது நம் சங்க இதழ், எல்லாச் சமயத்தாரும் படிப்பது. வைணவ நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் உவமை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்பது தென்கலையார் உவமை. மார்ட்டின் லூதர் ஸ்ரீரங்கத்தில் பிறந்திருந்தால் பூனைக்குட்டியின் பக்கம்தான் நின்றிருப்பார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவருக்காக எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். கால்கள் திரும்பவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, தன்னைப் போன்றவர்களுக்காக வேலூரில் அந்தத் துறையையே வளர்த்தார். நம் அறிவிப்புப் பட்டியலின் முறைப்படி பார்த்தால், 1954-ல் அவர் பெயரில் காணிக்கை எதுவும் வந்திருக்காது. பவுலும் தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார். முள் எடுபடவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பிலிப்பியர் நிருபத்தை அவர் எழுதியது காவலில் இருந்தபோது. சமாதானம் என்பது பிரச்சினை தீர்ந்தபின் கிடைக்கும் ரசீது என்றால் அந்த நிருபத்தை அவர் எழுதியே இருக்க முடியாது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் துன்பத்தில் நாம் நன்றி சொல்வது ஒன்று. அடுத்தவனைப் பார்த்து, "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லு" என்று அதட்டுவது வேறொன்று. பிந்தினது கொடுமை. 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை புலம்பல். நன்றி என்ற பேச்சே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அழுகிறவனை அழ விடுவதும் விசுவாசத்துக்குள் அடங்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 58 சதவீதம் வாங்கிய பையன் இரவு குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிறான். தகப்பனார் ஜெபத்திலேயே அவனுடைய மார்க்கைக் கடவுளுக்கு அறிவிக்கிறார்! வீட்டில் அப்பாவுக்குக் கோபம் என்பதோடு, மேலேயும் கோபம் என்று அந்தப் பையன் எடுத்துக்கொள்கிறான். பதினைந்து வயதில் பதிந்த அந்த எண்ணத்தை நாற்பது வயதிலும் சுமக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை, நல்ல சம்பளம், ஆனால் உள்ளுக்குள் ஓயாத பயம். வாரத்தில் ஒரு நாளாவது, கோரிக்கையே இல்லாமல், அன்று சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் கூடியிருக்கும் முகங்களுக்கும் மட்டும் நன்றி சொல்லி அந்த ஜெபத்தை முடித்துப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும்.

சபைக் கமிட்டியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. காணிக்கை அறிவிப்பில் பெயரையும் தொகையையும் விட்டுவிட்டு, நன்றி செலுத்தியோர் அனைவருக்காகவும் ஒரே ஜெபம் ஏறெடுக்கலாம். சாட்சிக் கூட்டத்தில், காரியம் இன்னும் முடியாதவர் ஒருவரையும் பேசச் சொல்லலாம். ஆயரிடம் எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அறுப்பின் பண்டிகை ஏலம் மட்டும் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரு தேங்காயை 500 ரூபாய்க்கு எடுப்பதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.