பேர் வைத்த பாவம்

'திசையன்விளை' எத்தனை எழுத்து? ஆறு. பைத்தானின் லென் 11 என்கிறது. கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்காம்! சரியாக எண்ண 'ஓப்பன் தமிழ்' நூலகம் உண்டு. இம்போர்ட் செய்ய வேண்டிய பெயர் 'தமிழ்'. பி.காம். மூளை, என் கோப்புக்கும் ஆங்கில எழுத்தில் அதே பெயரை வைத்துத் தொலைத்தேன். பைத்தான் முதலில் தேடுவது அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில். நாம் நிறுவிய நூலகங்கள் கடைசியில்தான். என் கோப்பு தன்னையே இம்போர்ட் செய்து பாதியில் முறைத்தது. ஒரு சாயங்காலம் போச்சு.

அந்த ஃபோல்டரைத் தேடாமல் விட 3.11இல் (2022) 'மைனஸ் பி' என்று ஒரு வசதி வந்தது. 3.13 (2024) பிழைச்செய்தியிலேயே 'பெயரை மாற்றிப் பார்' என்கிறது. நல்லதுதான். ஆனால் மைனஸ் பி தெரிந்தவன் இந்தத் தப்பைச் செய்வானா மக்களே? கேட்காமலேயே அப்படி நடக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.