உடம்படுமெய் வீணோ?

சொற்களைப் பிரித்து அச்சிடும் வழக்கம் பெருகிய இந்நாளில், உடம்படுமெய் என்பது பண்டை இலக்கணிகள் கட்டிய வெறும் வேலியென்று நம் மாணவ நண்பர் சிலர் கூறக் கேட்கின்றோம். அது வேலியன்று, வாயின் இயல்பே என்பது எம் துணிபு. பிற மொழிகளை நோக்கின் இது விளங்கும்.

அரபி மொழியில் அசை எதுவும் உயிரொலியில் தொடங்குவதில்லை. உயிர்முதலாக நம் செவிக்குப் படும் சொல்லிலும், மிடற்றை ஒருகணம் அடைத்துத் திறக்கும் ஹம்ஸா என்னும் மெய் முன்னிற்கும். பினீஷியரின் ஆலெப் என்னும் எழுத்தும் அவ்வடைப்பொலிக்கே உரியது. அதனைக் கடன்கொண்ட கிரேக்கர்க்கு அவ்வொலி வேண்டப்படாமையின், அவ்வெழுத்தையே அகரவுயிர்க்குக் குறியாக்கி ஆல்பா என்றனர். மெய்யின் குறி உயிரின் குறியான இக்கதை எமக்கு மிக இனிக்கின்றது. ஜெர்மானியர் உயிர்முதற் சொல்லின்முன் மிடற்றடைப்பை இட்டு, முன்சொல்லினின்றும் அதனைப் பிரித்துக் காட்டுவர். பிரெஞ்சுக்காரரோ முன்சொல்லின் ஈற்றில் உறங்கும் மெய்யை எழுப்பிச் சேர்ப்பர். 'லே', 'அமி' இரண்டும் 'லேஸமி' என்றாகும். ஆங்கிலத்தில் இச்சேர்க்கை சொல்லையே அரித்துவிட்டது. உடைமேற் கட்டும் 'ஏப்ரன்' முன்னாளில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பதை மக்கள் 'ஆன் ஏப்ரன்' எனக் கொள்ளவே, நகரம் முன்சொல்லைச் சார்ந்தொழிந்தது.

நம் மொழியில் இ, ஈ, ஐ ஈற்றின்பின் யகரமும், பிற உயிரீற்றின்பின் வகரமும், ஏகாரத்தின்பின் இரண்டும் வருமென்பது நன்னூல் விதி. இலக்கணம் கேளாத கிழவியும் 'பூவை எடு' என்பாளேயன்றிப் 'பூ ஐ' எனத் தடுக்கி நில்லாள். பேச்சில் 'எங்கே' என்பது 'யெங்கே' எனவும், 'ஒன்று' என்பது 'வொண்ணு' எனவும் ஒலித்தலின், சொன்முதலிலும் உயிர் துணைதேடுதல் காண்க. விதிப்படி வருவது கோவில். ஆயினும் கோயிலைத் திருத்தத் துணிவார் யார்?

பிரித்து அச்சிடுதலை யாம் வெறுத்திலேம். கற்பார்க்கு அஃது எளிது. பிரித்ததைப் பிரித்தே படித்தல்தான் எம் குறை. 'நின்றழுதாள்' என்பது கூவிளங்காய்ச் சீர் ஒன்று. 'நின்று அழுதாள்' என நிறுத்திப் படிப்பின் தேமாவும் புளிமாவுமாய் இருசீராக உடையும், அடி அளவிறக்கும். எம் வகுப்பில் செய்யுளை இவ்வாறு உடைப்போர் பலர். யாமும் சின்னாள் முன்வரை அவருள் ஒருவரே. ஆசிரியப் பெருமக்கள் வாரத்துக்கு ஒருமுறையேனும் எம்மை வாய்விட்டுப் படிக்கச் செய்து, தவறுமிடத்து நிறுத்தித் திருத்துமாறு வேண்டுகின்றோம்.