கடனட்டையும் எமது நாணயமும்

பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை ஊரறியச் சொல்லி மகிழும் நாம், எமது கடன் மதிப்பெண்ணை மட்டும் வாழ்க்கைத் துணையிடமிருந்தே மறைத்து விடுகிறோம். கனடாவில் வாழும் எம்மவரிடையே இது ஒரு பேசாப் பொருளாகவே இருந்து வருகிறது. வேலையிழப்பு, நோய், மணமுறிவு, தாயக உறவுகளுக்கு அனுப்பிய பணம், தகுதிக்கு மீறிய கொண்டாட்டங்கள், நண்பருக்காக இட்ட பிணைக் கையெழுத்து எனக் காரணங்கள் பல. விளைவு ஒன்றே. வங்கிகள் கதவை மூடுகின்றன. வீட்டை வாடகைக்கு விடுபவர் கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

இந்த இக்கட்டில் சில பெற்றோர் பதினெட்டு வயதை எட்டிய பிள்ளையின் பெயரில் கடனட்டை எடுக்கத் துணிகின்றனர். தன்னார்வப் பணியின்போது நான் சந்தித்த ஓர் இளைஞருக்கு நேர்ந்ததும் அதுவே. தந்தை வேலை இழந்த காலத்தில் அவர் பெயரில் எடுத்த அட்டையின் தவணைகள் தவறின. படிப்பை முடித்து முதன்முதலாக வாடகை வீடு தேடியபோதுதான் தம் பெயர் கெட்டிருப்பதை அவர் அறிந்தார். அந்த அட்டையில் அவர் தமக்கெனச் செலவிட்டது ஒரு டொலர்கூட இல்லை. பெற்றோரின் நோக்கம் தீயதன்று. எனினும் வேறு வழி இல்லை என்ற அவர்களது எண்ணம் தவறானது.

கனடாவில் ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்னும் இரு நிறுவனங்கள் எமது கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரையானது. இருவரிடமிருந்தும் எமது அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் கண்ட கண்ட அட்டைகளுக்கெல்லாம் விண்ணப்பித்தால், ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகி மதிப்பெண்ணைத் தாழ்த்தக்கூடும். ஆகவே முதலில் அறிக்கையைப் பெற்று, பிழைகள் இருப்பின் திருத்துவிக்க வேண்டும்.

அடுத்து, எந்த அட்டை? மதிப்பெண் கெட்டவர் முன் பொதுவாக மூன்று தெரிவுகள் உள்ளன. முதலாவது, முற்பணம் ஏற்றிய அட்டை. இதில் செலவாவது எமது சொந்தப் பணமே. கடன் இல்லாததால் இது பொதுவாகக் கடன் வரலாற்றைக் கட்டியெழுப்பாது. இரண்டாவது, மதிப்பெண் குறைந்தோருக்கென விற்கப்படும் அட்டை. இதற்கு வைப்புத் தொகை வேண்டியதில்லை. ஆனால் கட்டணமும் வட்டியும் பெரும்பாலும் அதிகம். மூன்றாவது, பிணைவைப்பு அட்டை. 500 டொலர் வைப்பிலிட்டால் பொதுவாக அதே அளவு கடனெல்லை கிடைக்கும். கணக்கைத் தீர்த்து மூடும்போது வைப்பு திரும்பி வரும். பெயரை மீட்க விரும்புவோருக்கு மூன்றாவதே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

'கையில் 500 டொலர் இருந்தால் எனக்கேன் கடனட்டை?' எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். இங்கே நாம் தேடுவது கடனை அன்று. ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்கான சான்றை. எனவே கைபேசிக் கட்டணம் போன்ற ஒரு சிறு செலவை மட்டும் அட்டையில் இட்டு, கடனெல்லையின் 30 விழுக்காட்டுக்குள் நின்று, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். கூற்று வந்தபின் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் முழுவதையும் கட்டினால் பொருட்கொள்வனவுக்கு வட்டி இல்லை. அவ்வாறு கட்டுபவருக்கு வட்டி வீதத்தைவிட ஆண்டுக் கட்டணமே முக்கியம். அட்டை நிறுவனம் இரு பதிவகங்களுக்கும் தகவல் அனுப்புகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். வைப்பு இருக்கிறதே எனத் தவணையைத் தவறவிட்டால் அதுவும் கரும்புள்ளியே.

இங்கு இரு எச்சரிக்கைகள். ஒன்று, சம்பள முன்கடன் கடைகள். 2025 ஜனவரி 1 முதல் கனடாவில் வட்டியின் சட்ட உச்சவரம்பு ஆண்டுக்கு 35 விழுக்காடு. ஆனால் சம்பள முன்கடனுக்கு விதிவிலக்கு உண்டு. நூறு டொலருக்கு 14 டொலர் வரை அறவிடலாம். இரு வாரக் கடனெனில் ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 365 விழுக்காடு! மற்றையது, இருக்கும் கடனையே கட்ட முடியாதவருக்கு எந்தப் புதிய அட்டையும் மருந்தாகாது. அவர் இலாப நோக்கற்ற கடன் ஆலோசகரையோ, அரச உரிமம் பெற்ற கடன்தீர்வு அறங்காவலரையோ நாடுவதே முறை.

தமிழில் நாணயம் என்பது காசையும் குறிக்கும், சொல் தவறாமையையும் குறிக்கும். தவறிய தவணைகள் அறிக்கையில் பொதுவாக ஆறு ஆண்டுகள் நிற்கும், அதன்பின் நீங்கிவிடும். ஆகவே இழந்த நாணயத்தை மீட்க முடியும். அதைப் பிள்ளையின் பெயரை அடகு வைத்து மீட்க வேண்டியதில்லை. பெற்றோரே, இவ்வார இறுதியில் உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். இளையோரே, பெற்றோர் நீட்டும் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் அன்போடு கேள்வி கேளுங்கள். வெட்கத்தை விலக்கிப் பேசத் தொடங்கினாலே பாதிக் கடன் தீர்ந்தது போலாகும்.