ஏரியைப் பார்த்ததும் குதிக்கத் தோணுதா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

விடுமுறைக்கு ஜவ்வாது மலை ஏறுபவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காவலூரில் 1986-ல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம், ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் படகு சவாரி, பீமன் அருவி. வழியில் தண்ணீர் தளும்பும் ஏரி தென்பட்டால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிடத் தோன்றும்.

பிரான்ஸ் கிராமப்புறங்களிலும் கோடையில் ஏரிக் குளியல் பிரபலம். அங்கே குளிக்க அனுமதித்த ஏரிகளில் தண்ணீரைப் பரிசோதித்து முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். உயிர்காப்பாளர் இருக்கும் இடங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு கொடிகள் பறக்கும். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. நம் ஊர் ஏரிகளோ பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. கொடியும் இல்லை, காவலும் இல்லை.

நீச்சல் தெரிந்தாலும் ஆபத்து ஏன்?

நீச்சல் குளத்தில் தரை தெரியும், ஆழமும் எழுதியிருக்கும். ஏரியில் இரண்டும் கிடையாது. முழங்கால் அளவு தண்ணீரில் நடப்பவர், அடுத்த அடியில் மண் அள்ளிய பள்ளத்தில் விழலாம். பொதுவாக, கரையை ஒட்டிய மதகுப் பக்கம்தான் ஆழம் அதிகம். மதகு திறந்திருந்தால் தண்ணீர் ஆளையும் சேர்த்து இழுக்கும். சேற்றில் கால் புதையும், கொடிகள் சுற்றும். அருவி, ஓடைகளில் வேறொரு சிக்கல்: நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்தால் திடீரென வெள்ளம் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இதற்காகவே ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக ஐ.நா. அறிவித்தது.

இறங்கும் முன்...

* ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ‘அந்தப் பக்கம் போகாதீங்க’ என்றால் போகாதீர்கள்.
* தடைப் பலகை இருந்தால் கால் நனைப்பதோடு சரி.
* தலைகீழாக டைவ் அடிக்க வேண்டாம். குடித்துவிட்டு இறங்கவே கூடாது.
* குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது, ஒரு பெரியவர் செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும்.

யாராவது மூழ்கினால்?

காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து மூழ்கிய செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். பதற்றத்தில் இருப்பவர் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார். அது உங்கள் கழுத்தாகவும் இருக்கலாம். அதனால் கரையில் நின்றபடியே கயிறு, சேலை, நீளமான கம்பு ஆகியவற்றை நீட்டுங்கள். மூடிய காலி பிளாஸ்டிக் கேனை வீசினாலும் மிதவையாகும். கூடவே 108-க்கு அழையுங்கள்.

கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்குவதோ, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதோ தவறு. மூச்சு இல்லையென்றால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சின் நடுவில் அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும்.

முன்பெல்லாம் கிராமத்துக் கிணற்றில், பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் நீச்சல் பழக்குவார்கள். பக்கத்திலேயே அப்பாவோ மாமாவோ நீந்துவார். அடுத்த ட்ரிப்புக்கு பேக் செய்யும்போது, சிப்ஸ் பாக்கெட்டோடு ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் நீளமான கயிறும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்!