ஒரு பானை, மூன்று பதம்

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க எந்தச் சமையற்கட்டிலும் பானையை இலையில் கவிழ்ப்பதில்லை. அகப்பையால் ஒரு கிளறு கிளறி, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இதையே ஒரு சாஸ்திரமாக்கி, 'பொதுஜன அபிப்பிராயக் கணிப்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் தேசத்தில் ஓர் ஆயிரம் பேரை டெலிபோனில் அழைத்துக் கேட்டுவிட்டு, 'தேசம் இவ்வாறு நினைக்கிறது' என்று பத்திரிகையில் போட்டுவிடுகிறார்கள். இது வெறும் பித்தலாட்டம் என்று கருதும் நேயர்கள் உண்டு. பித்தலாட்டம் அல்ல. நன்றாகக் கிளறிவிட்டு எடுத்தால் ஒரு பருக்கையே போதும்.

கிளறாமல் மேலாக அள்ளினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே பிரசித்தமான கதை இருக்கிறது. 1936-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வாரப் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வோட்டுச் சீட்டு அனுப்பிற்று. ஏறக்குறைய 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் என்பவர் ஜயிப்பார் என்று பத்திரிகை முழங்கியது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ஐக் கைப்பற்றினார்! டெலிபோனும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தவர்களின் ஜாபிதாக்களைப் பார்த்தல்லவா சீட்டு அனுப்பியிருந்தார்கள்? மிகக் குறைந்த பேரைக் கேட்ட காலப் என்பவரோ ஜயிப்பவர் யார் என்பதைச் சரியாகச் சொன்னார்.

ஆனால் நன்றாகக் கிளறியும், ஒரே பானையில் மூன்று விதமான பதம் தெரிந்த கதை ஒன்று உண்டு. இன்று நாம் சொல்ல வந்தது அதைத்தான்.

2008-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பாங்கிகள் ஆட்டங்கண்டபோது, அவற்றைத் தாங்கிப் பிடிக்க 70,000 கோடி டாலர் வரை செலவிடச் சர்க்கார் அநுமதி பெற்றது. அடுத்த வருஷம் ஒபாமா பதவிக்கு வந்ததும், வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தத்தளித்தவர்களுக்கு உதவத் திட்டம் போட்டார். பிப்ரவரி 19-ந் தேதி, ரிக் சான்டெல்லி என்ற டெலிவிஷன் விமரிசகர் சிகாகோ வியாபாரச் சந்தையின் நடுவில் நின்றுகொண்டு, 'கடனை ஒழுங்காகக் கட்டுகிறவன் ஊதாரியின் கடனையும் ஏன் கட்டவேண்டும்?' என்ற தோரணையில் ஓர் ஆவேசப் பிரசங்கம் செய்தார். சிகாகோவில் ஒரு 'டீ பார்ட்டி' நடத்தப் போவதாகவும் சொன்னார்.

காப்பி பக்தர்களாகிய நமக்கு இந்தப் பெயர் சற்று விசித்திரமாகப் படலாம். 1773-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அந்தச் சம்பவத்துக்குப் பிற்காலத்தில் பரிகாசமாக ஏற்பட்ட பெயர் அது. கொட்டப்பட்ட தேயிலை யாருடையது தெரியுமா? அச்சமயம் வங்காளத்தில் வரி வசூலித்துக் கொழுத்துக்கொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியாருடையதுதான்! அந்த வகையில் பழைய டீ பார்ட்டியின் மீது நமக்கு ஒரு பங்காளிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

புதிய டீ பார்ட்டி கட்சியன்று. தலைவர் இல்லை, அங்கத்தினர் ஜாபிதா இல்லை. ஊருக்கு ஊர் கூட்டங்கள் நடந்தன. வரி கூடாது, செலவு கூடாது, சர்க்கார் சிறுக்கவேண்டும் என்ற கோஷங்கள் எழுந்தன. 2010-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டதும் கோபம் உச்சிக்கு ஏறியது. 'இவர்கள் எத்தனை பேர்?' என்று தேசமே கேட்டது. ஜாபிதா இல்லாத கூட்டத்தை எண்ணுவதற்குக் கணிப்புக்காரரை விட்டால் வேறு கதி ஏது?

அந்த மார்ச்சு மாதத்தில் குயின்னிபியாக் சர்வகலாசாலையார் வோட்டர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 13 பேர் என்று விடை வந்தது. மாதக் கடைசியில் காலப் ஸ்தாபனத்தார் கேட்டார்கள். 28 பேர் என்றார்கள். ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையும் சி.பி.எஸ். டெலிவிஷன் ஸ்தாபனமும் சேர்ந்து 1,580 பேரைக் கேட்டன. 18 பேர் என்றன. சில வாரங்களுக்குள் ஒரு தேசத்தின் மனம் இப்படியா ஊசலாடும்? மனம் ஆடவில்லை; கேள்விதான் மாறியது. 'நீங்கள் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவரா?' என்றது ஒரு கேள்வி. 'ஆதரிப்பவரா, அல்லவா?' என்றது இன்னொன்று. 'ஆதரிப்பவரா, எதிர்ப்பவரா, இரண்டுமில்லையா?' என்றது மூன்றாவது. 'நீர் கோயில் தர்மகர்த்தாவா?' என்றும், 'உமக்குப் பக்தி உண்டா?' என்றும் ஒரே ஊரில் கேட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகுமா?

இதைவிட ருசியான விஷயம் ஒன்று. டீ பார்ட்டி ஆதரவாளர்கள் வயது, படிப்பு, உத்தியோகம் ஆகியவற்றில் ஏறக்குறைய சாதாரண அமெரிக்கரைப் போன்றவர்களே என்று காலப் ஸ்தாபனம் தீர்ப்புச் சொல்லிற்று. அதே மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' கண்டதோ வேறு. ஆதரவாளரில் நூற்றுக்கு 89 பேர் வெள்ளையர், 59 பேர் ஆண்கள், 75 பேர் நாற்பத்தைந்து வயதானவர்கள் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள். பொதுஜனங்களைவிடப் பணமும் படிப்பும் அதிகம் உள்ளவர்கள். இரு சாராரும் தத்தமக்குப் பிடித்த தீர்ப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் பொய் இல்லை. வலையை அகல விரித்தவருக்கு எல்லா மீனும் கிடைத்தது. குறுக்கி வீசியவருக்கு ஒரு ஜாதி மீனே அதிகம் கிடைத்தது.

கூட்டத்துக்குப் போனவர்களும் பணம் கொடுத்தவர்களும் எத்தனை பேர் என்றும் அந்த ஏப்ரல் கணிப்பில் கேட்டிருந்தார்கள். தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 4 பேர்! ஆனால் மேடையில் பேசியவர்கள் எந்த எண்ணைச் சொல்லியிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணிப்புகளினால் உண்மையான உபகாரம் ஒன்றும் விளைந்தது. கோஷத்துக்கு உள்ளே இருந்த மனத்தை அவை காட்டின. வரிக் கொடுமை என்று கூவிய இயக்கத்தின் ஆதரவாளரிடம், 'இந்த வருஷம் நீங்கள் கட்டும் வருமான வரி நியாயமானதா?' என்று கேட்டால், நூற்றுக்கு 52 பேர் 'நியாயந்தான்' என்றார்கள். முதியோருக்கான சர்க்கார் பென்ஷனும் வைத்திய உதவியும் செலவுக்குத் தகுந்தவையே என்று 62 பேர் சொன்னார்கள். 2009-ம் வருஷம் தென் கரோலினாவில் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, சர்க்கார் தமது 'மெடிகேர்' விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று தம் பிரதிநிதியிடம் கண்டிப்பாகச் சொன்னாராம். மெடிகேர் என்பதே சர்க்கார் திட்டம்! இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் அநேகர். நமக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையின் தீடா ஸ்காச்போல், வனெஸ்ஸா வில்லியம்ஸன் ஆகிய இரு பெண்மணிகள் இந்த இயக்கத்தாரை நேரில் சந்தித்துப் பேசி எழுதியிருக்கிறார்கள். 'உழைத்துச் சம்பாதித்த எங்களுக்கு வருவது பாத்தியதை. உழைக்காதவனுக்குப் போவது தண்டம்' என்பதே இவர்களுடைய எண்ணம் என்று அவர்கள் கண்டார்கள். அந்த உழைக்காதவன் யார் என்று கேட்டால், பெரும்பாலும் வேறு நிறத்தவன், வேறு தேசத்தவன், அல்லது சின்ன வயசுக்காரன். இது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமான நினைப்பு என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

2010 நவம்பரில் குடியரசுக் கட்சியார் பிரதிநிதி சபையில் 63 ஸ்தானங்களைக் கூடுதலாகப் பிடித்தார்கள். காலப் கணக்கில் டீ பார்ட்டியின் ஆதரவு அம்மாதம் 32-க்கு ஏறியது. அதுவே உச்சம். அந்த அலையில் சபைக்கு வந்தவர்கள், தேசமே தங்கள் பின்னால் நிற்கிறது என்று மெய்யாகவே நம்பினார்கள் போலும். 2013 அக்டோபரில், வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்துக்குப் பணம் கொடுக்க மறுத்துப் பிடிவாதம் பிடித்ததில், சர்க்கார் காரியாலயங்களில் பல 16 நாள் மூடிக் கிடந்தன. ஏறக்குறைய எட்டு லட்சம் சிப்பந்திகள் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்த மாதம் குடியரசுக் கட்சியின் மீது நல்லெண்ணம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று காலப் கேட்டதற்கு வந்த விடை, நூற்றுக்கு 28! இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய 1992-லிருந்து அதுவரை எந்தப் பெரிய கட்சிக்கும் அவ்வளவு இறங்கியதில்லை. 2015 அக்டோபரில் டீ பார்ட்டியின் ஆதரவும் 17-க்கு வந்துவிட்டது. எதிர்ப்பு 24. இரண்டுமில்லை என்றவர்கள் 54 பேர்.

இதற்கு நடுவில், 2014 ஜூன் மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரதிநிதி சபையில் குடியரசுக் கட்சியின் தலைவராயிருந்த எரிக் கான்டர், வர்ஜீனியாவிலுள்ள தமது தொகுதியில் உட்கட்சித் தேர்தலுக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் டேவ் பிராட் என்ற ஒரு பொருளாதார ஆசிரியர். டீ பார்ட்டிக்காரர்களின் அபிமானம் பெற்றவர். கான்டரின் சொந்தக் கணிப்புக்காரர், எஜமானர் 34 புள்ளி முன்னால் இருக்கிறார் என்று கணக்குக் காட்டினார். தேர்தலில் கான்டர் 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். 2012-ல் அந்தத் தொகுதியின் உட்கட்சித் தேர்தலுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 47,000 பேர். இந்தத் தடவை 65,000 பேர் வந்திருந்தார்கள்.